கயிற்றை அறுத்தவன்

ரெஹு அந்தக் கயிற்றை அறுத்தது சரியா தப்பா என்று எங்கள் ஊரில் வாயைத் திறந்து கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போச்சு. பெட்ரோல் போட வந்தவன் பெட்ரோலை மறந்துவிட்டு நின்று பேசுவான். ரக்பி கிளப்பில் ஒரு தடவை இதே பேச்சில் மாமனும் மருமகனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டத்தின் இரண்டாம் பாதி ஆள் குறைவாகத்தான் நடந்தது. இத்தனைக்கும் ரெஹு என்று ஒருத்தன் கிடையவே கிடையாது. சினிமாவில் விண்வெளிக் கலம் ஓட்டுகிறவன் அவன்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடல் ஏறி வந்து தீவுகளையெல்லாம் விழுங்கிய பிறகு, மிச்சமிருந்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு இரண்டு கலங்கள் வேறொரு நட்சத்திரத்தைத் தேடிப் புறப்படுகின்றன. பெரிய கலம் முன்னால். எஞ்சின் செத்துப்போன சின்னக் கலம் பின்னால், கயிற்றில் கட்டி இழுத்தபடி. பெரிய கலத்தின் தலைவன் ரெஹு. சின்னதில் இருப்பவள் அவனுடைய கூடப்பிறந்த தங்கை சேலி. முதல் படத்தின் கடைசியில் எரிபொருள் போதாது என்று தெரிகிறது. இழுத்துக்கொண்டே போனால் எல்லோரும் சாக வேண்டியதுதான். அறுத்துவிட்டால் பாதிப் பேராவது பிழைப்பார்கள். ரெஹு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறான். பிறகு அறுத்துவிடுகிறான்.

மற்ற மூன்று படங்களும் அந்த ஒரு இழுப்பில் பிறந்தவைதான். சின்னக் கலத்து ஜனங்கள் சாகவில்லை, ஏதோ ஒரு பாழுங்கிரகத்தில் ஒதுங்கிப் பிழைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாவதில் தெரிகிறது. மூன்றாவதில் சேலி படை திரட்டிக்கொண்டு அண்ணன்மேலேயே வருகிறாள். நான்காவதோடு கதை முடிய வேண்டும். "அந்தாளு அன்னிக்கு அறுக்காம இருந்திருந்தா எல்லாரும் ஒண்ணா செத்திருப்பாங்க, நாமளும் ஒரு டிக்கெட்டோட வீட்டுக்கு வந்திருப்போம்" என்பான் பெட்ரோல் கடை டெரிக்.

ரெஹுவாக நடித்தவன் எங்கள் ஊர்ப் பையன் ரோங்கோ. சண்டைக்குக் காரணமே அதுதான். அறுத்தது தப்பு என்று கத்தியவர்கள் ரெஹுவையா திட்டினார்கள்? ரோங்கோவைத் திட்டினார்கள். சரி என்றவர்களும் ரோங்கோவுக்காகத்தான் பரிந்து பேசினார்கள். அதை மட்டும் ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஹினேவாய் இந்தச் சண்டையில் சேரவே மாட்டாள். ரோங்கோவையும் அவன் தம்பி மாத்தேனேயையும், அவர்களைப் பெற்ற தன் அக்காள் செத்த பிறகு தூக்கி வளர்த்தவள் அவள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். வயது அறுபதைத் தாண்டியும் அந்த வளைவு மலைச்சாலையில் அவள் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்தால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் குலத்து முற்றமும் கூட்ட வீடும் சேர்ந்த மராயேயின் வாசலில், வருகிறவர்களை அழைக்கிற குரலும் அவளுடையதுதான். அந்த வாசலில் ஒரு பெண்பிள்ளை குரலெடுத்து அழைக்காமல் வெளியிலிருந்து வருகிற யாரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். விருந்தாளிக்கும் அந்த அழைப்புதான், பெட்டியில் வருகிற பிணத்துக்கும் அந்த அழைப்புதான். ஹினேவாய் அழைத்தால் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்க எவனாலும் முடியாது, அப்படி ஒரு குரல்.

"அந்தப் படமெல்லாம் நான் பாக்கல, பாக்கவும் மாட்டேன்" என்பாள். பொய். முதல் படத்தை அவள் கிஸ்போர்ன் டவுன் கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவளுடைய சித்தி மகள் மௌரீன் இதைக் கிளறுவாள். "கயிற அறுக்கிற எடத்துல நீ மூக்கச் சிந்தினியாமே, அடியே?" "எனக்கு ஜலதோஷம்டி. ஒன் வேலயப் பாரு."

அவள் ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. முதல் படம் வந்தபோது மராயேயின் கூட்ட வீட்டுக்குள் திரை கட்டி ஊருக்கே போட்டுக் காட்டினார்கள். ஏற்பாடெல்லாம் மாத்தேனே. கடலில் மூழ்கி இறால் பிடிக்கிற பையன், அண்ணன்மேல் கொள்ளைப் பிரியம். ரோங்கோ கவசமும் கையுமாக நிற்கிற பெரிய விளம்பரப் படத்தைக் கொண்டுவந்து, எங்கே மாட்டலாம் என்று பார்த்திருக்கிறான். பின்சுவரில் நல்ல வெளிச்சம். ஒரு ஆணியை எடுத்துக் கோணல்மாணலாக அடித்து மாட்டிவிட்டான்.

பின்சுவர் செத்தவர்களுடைய சுவர். எங்கள் தாத்தன், முப்பாட்டன், போருக்குப் போய்த் திரும்பாதவர்கள், பிறந்த வாரத்திலேயே போன குழந்தை எல்லோரும் அங்கேதான் சட்டத்துக்குள் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவன் படத்தை அங்கே யாரும் மாட்டமாட்டார்கள். காலையில் பெருக்க வந்த ஹினேவாய் அதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். "டேய் கூறுகெட்டவனே, ஒங்கண்ணன உசிரோட கொண்டுபோய் எங்கடா மாட்டி வச்சிருக்க!" பாதிரியாரைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளித்து ஜெபம் செய்தார்கள். மாத்தேனே காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆணியை மட்டும் பிடுங்க மறந்துபோனார்கள்.

இரண்டாவது படம் எடுத்துக்கொண்டிருந்த குளிர்காலத்தில் மாத்தேனே கடலுக்குள் போனவன் உயிரோடு மேலே வரவில்லை. அந்த ஆணி கேட்டது ரோங்கோவை, ஆள் மாறிப்போச்சு என்று ஹினேவாய் மனதுக்குள் முடிவுகட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. மௌரீனுக்குச் சொல்லாமலே தெரியும்.

ரோங்கோ ஏதோ ஒரு பாலைவனத்தில் படப்பிடிப்பில் இருந்தான். போனில் அழுதான். "ஆயிரம் பேர் இங்க நிக்கிறாங்க ஆன்ட்டி. நான் கெளம்பினா எல்லாம் நின்னுபோயிடும். ரெண்டே நாளு குடுங்க, எப்படியாவது வந்துடறேன்." ஹினேவாய்க்கு வந்ததே கோபம். "ஓ, யாரு முக்கியம்னு கணக்குப் பண்ணிட்டியா? அப்ப அங்கயே இரு. வராத!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

கத்தினாளே ஒழிய காத்திருந்தாள். எங்கள் பழக்கத்தில் பிணத்தைத் தனியாக விடமாட்டோம். பெட்டிக்குப் பக்கத்திலேயே மெத்தை போட்டுச் சொந்தபந்தம் படுத்துக்கிடக்கும். அண்ணனுடைய மெத்தை பெட்டிக்கு வலதுபுறம் விரித்தபடியே கிடந்தது. மூன்றாம் நாள் மூட வேண்டிய மூடியை இன்னும் ஒரு நாள் திறந்து வைக்கச் சொன்னாள். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், அவள் கேட்கவில்லை. ரோங்கோ வரவில்லை. கடைசியில் புதைத்தார்கள். அந்த மெத்தையை அவளே சுருட்டி எடுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவனோடு பேச்சில்லை. அவன் போன் பண்ணினால் மௌரீனிடம் கொடுத்துவிடுவாள். ஒரு தடவை கிஸ்போர்ன்வரை வந்துவிட்டு ஊருக்கு வராமலே திரும்பினான் என்று கேள்வி. எப்படி வருவான்? வாசலில் நின்றால் அழைக்க வேண்டியவள் அவள்தானே.

இன்னொன்றும் நின்றுபோயிருந்தது. ஒருத்தர் செத்தால், சாவுக்கு வர முடியாதவர்கள் இருக்கிற இடத்துக்குச் செத்தவருடைய படத்தை எடுத்துக்கொண்டு போவோம். சாவைச் சுமந்து போவது என்போம். வராதவன் வாசலுக்குச் சாவு போகும், அங்கே அவன் அழுது தீர்ப்பான். போக வேண்டிய இடமெல்லாம் போய்வந்த பிறகுதான் படம் சுவரில் ஏறும். மாத்தேனே படம் சுவரில் ஏறவில்லை. ஹினேவாயின் அலமாரியில் கம்பளியில் சுற்றிக் கிடந்தது. ஏழு வருஷத் தாமதம் என்பது எங்கள் ஊர்க் கணக்கிலேயே அதிகம்தான். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

அப்படி இருக்கையில்தான் போன வருஷம் அந்தப் போன் வந்தது. மௌரீன் ஊரில் இல்லை, வேறு வழியில்லாமல் ஹினேவாயே எடுத்தாள்.

"ஆன்ட்டி, வச்சிடாதீங்க. ஒண்ணே ஒண்ணு. கடைசிப் படத்துல ரெஹு சாகிறான்."

"சாகட்டும்."

"சண்டைய நிறுத்தறதுக்காகத் தன்னையே குடுத்துடறான். சேலியோட ஆளுங்க வாசலுக்கு அவன பெட்டியில கொண்டு வராங்க. அங்க அழைக்கிறதுக்கு ஒருத்தர் வேணும். ஒங்க குரல் வேணும் ஆன்ட்டி."

"உசிரோட இருக்கிறவனுக்கு நான் அழைக்கமாட்டேன். நானே ஒனக்குக் குழி வெட்டணுமா?"

"பெட்டி காலியாத்தான் இருக்கும். மூடித்தான் இருக்கும். சத்தியமா."

அவள் வைக்கவில்லை. "எப்ப வரணும்?" என்று கேட்டாள்.

வெலிங்டனுக்கு மௌரீனும் கூட வந்தாள், பாட்டுக் கேட்டுக்கொண்டு, கோழி வறுவல் தின்றுகொண்டு. பின்சீட்டில் கம்பளிச் சுருள் ஒன்று கிடந்தது. "குளிருக்கா?" என்றாள் மௌரீன். ஹினேவாய் வண்டியின் வேகத்தைக் கூட்டினாள். மௌரீன் திரும்பி அந்தச் சுருளின் வடிவத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் பாட்டை நிறுத்திவிட்டாள்.

படப்பிடிப்புக் கொட்டகைக்குள் ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தார்கள். துருப்பிடித்த தகடுகளால் சேலியின் ஜனங்களுக்கு ஒரு பெரிய வாசல், வாசலுக்கு முன்னால் முற்றம், முற்றத்தின் நடுவில் பெட்டி. கூட்டத்தில் நிற்க வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்தான். உதவி இயக்குநர் கிரெய்க் அந்தப் பெட்டியின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, பொணப்பெட்டிகிட்ட நின்னு திங்கிறியே, ஒனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரலயா?" என்றாள் ஹினேவாய்.

"இது சும்மா மரம்மா. நடிப்புக்கு."

"நடிப்புக்குன்னா இன்னும் நல்லா நடி. அந்தாண்ட போய்த் தின்னு."

கிரெய்க் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சாண்ட்விச்சோடு நகர்ந்தான். இயக்குநர் ஃபெனெல்லா ஓடி வந்தாள். நரைத்த தலை, குதிகால் தேய்ந்த பூட்ஸ், நாலு படத்தையும் எடுத்தவள். ஹினேவாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வந்தீங்களே, அது போதும்" என்றாள். கள்ளமில்லாத மனுஷி. ஹினேவாய்க்கு அவளைப் பிடித்துப்போனதுதான் வம்பு. பிடிக்காமல் இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

ஒப்பனை அறையில் ரோங்கோ திரும்பினான். ஹினேவாய்க்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. முகத்தில் பிணத்தின் நிறம் பூசியிருந்தார்கள். உதட்டில் நீலம், கண்ணுக்குக் கீழே கருப்பு. தண்ணீரிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து போட்டபோது மாத்தேனே முகம் இப்படித்தான் இருந்தது.

"மூஞ்சியக் கழுவு" என்றாள்.

"காலையிலேர்ந்து ஒக்காந்து போட்டது ஆன்ட்டி."

"பெட்டி காலின்னு சொன்ன."

"ஃபெனெல்லா மாத்திட்டாங்க. மொகம் தெரிஞ்சாத்தான் பாக்கிறவங்களுக்கு ஒறைக்குமாம். நேத்துதான் சொன்னாங்க." தலையைக் குனிந்துகொண்டான். காதோரம் முடி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியாது. "மாட்டேன்னா சொல்லிடுங்க. ஆக்லண்டிலேர்ந்து ஒரு நடிகை வந்து நிக்கிறா. எழுதிக் குடுத்தா அழைப்பா. ஆனா எனக்கு... யாராவது ஒருத்தர் நெஜமா அழணும் ஆன்ட்டி."

"எதுக்குடா?"

"அவன் பண்ணினதுக்கு வேற என்ன வழி இருக்கு? அறுத்துட்டான். ஒட்டவைக்க முடியாது. செத்தாத்தான் அவங்க மன்னிப்பாங்க."

"செத்தா மன்னிப்பாங்கன்னு யாரு சொன்னது ஒனக்கு? செத்தவன்கிட்ட போய் ஏண்டா பண்ணினன்னு கேக்க முடியுமா? கன்னத்துல நாலு அறைதான் விடமுடியுமா? அவங்க எதிர்ல வந்து நிக்கப் பயம். அதான் பெட்டிக்குள்ள பூந்துக்கறான் ஒங்க ரெஹு. நல்லாத்தான் தப்பிக்கிறான்!"

ரோங்கோ நிமிர்ந்தான். பூசிய முகத்துக்குள்ளே கண் மட்டும் உயிரோடு சிவந்திருந்தது. "நீங்கதான வராதன்னு சொன்னீங்க."

வெளியே யாரோ சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னேன்" என்றாள் ஹினேவாய். "சொன்னா? மரத்துல ஏறாதன்னேன், ஏறிக் கைய ஒடச்சிக்கிட்ட. பீட்டர் வீட்டுப் பொண்ணு பக்கம் போகாதன்னேன், ஜன்னல் வழியா போன. பொறந்ததுலேர்ந்து எம்பேச்சக் கேக்காத பய, அந்த ஒரு தடவ மட்டும் கேக்கணும்னு தோணிச்சா ஒனக்கு? மூடிய மூடாம வச்சிருந்தேண்டா. ஒனக்காக மூடாம வச்சிருந்தேன்."

அதற்குள் கிரெய்க் கதவைத் தட்டி, எல்லாம் தயார் என்றான். ரோங்கோ எழுந்தான். என்ன செய்யட்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தான்.

"போ. போய்ப் படு. நான் வரேன்" என்றாள்.

அழைக்கச் சம்மதித்துவிட்டாள் என்று அவன் நினைத்தான். ஃபெனெல்லாவும் அப்படித்தான் நினைத்தாள். ஹினேவாய் நிற்க வேண்டிய இடத்தைத் தகட்டு வாசலுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். படத்தில் அவள் சேலியின் ஜனங்களில் ஒருத்தி. அங்கே நின்று பெட்டியைப் பார்த்து அழைக்க வேண்டும். விளக்குகள் எரிந்தன. கூட்டம் அடங்கியது. பெட்டிக்குள் ரோங்கோ கைகளைக் கட்டிக் கண்ணை மூடிக் கிடந்தான். சுண்ணாம்புக் கோட்டில் ஆளில்லை.

"ஆன்ட்டி எங்க?" என்றான் கிரெய்க். சொல்லி வாய் மூடவில்லை, பின்பக்கத்துப் பெரிய கதவு திறந்தது.

கருப்பு உடுப்பு. தலையில் கவகவ இலை வளையம், துக்கத்துக்கு நாங்கள் சூடுகிறது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி அவளே பறித்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கண்ணாடிச் சட்டம். விருந்தாளி வருகிற பக்கத்திலிருந்து, மெதுவாக, ஒவ்வொரு அடியாக வந்தாள்.

"தப்பான பக்கத்துலேர்ந்து வராங்க!" என்று கிரெய்க் கிசுகிசுத்தான். "கையில என்ன அது? இது காட்சியிலயே இல்லயே?"

"வாய மூடு" என்றாள் ஃபெனெல்லா. அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கூட்டத்தில் நின்றிருந்த எங்கள் ஆட்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக நிமிர்வதைப் பார்த்துவிட்டாள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வேஷத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் தலையிலிருந்த தகரக் கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தார்.

வருகிறவளுக்கு வாசலிலிருந்து முதலில் அழைப்பு வர வேண்டும். அழைப்பில்லாமல் அவள் மேலே நடக்க முடியாது. ஹினேவாய் நின்றாள். யாரும் அழைக்காவிட்டால் வந்த வழியே அவள் திரும்பிப் போக வேண்டியதுதான், மாத்தேனேயும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

மௌரீனுக்குக் குரல் நன்றாக இருக்காது. ஊரில் ஒருநாளும் அவளை அழைக்க விடமாட்டார்கள். அவள்தான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் நின்று, கரகரத்த தொண்டையை ஏற்றி அழைத்தாள். வா, சுமந்து வந்தவளே, வா, உன் சாவை எங்கள் சாவோடு சேர்க்க வா.

அப்புறம் ஹினேவாய் குரலெடுத்தாள். கடலுக்குள் போன பையன் வந்திருக்கிறான். அண்ணன் வருவான் வருவான் என்று மூடாமல் கிடந்தவன் வந்திருக்கிறான். நீ வரவில்லை, அவன் வந்துவிட்டான். மாத்தேனே வந்திருக்கிறான், ரோங்கோ, மாத்தேனே வந்திருக்கிறான். அவள் சொன்னது இவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற விளக்குக்காரர்கள்கூட, எங்கள் பாஷை ஒரு சொல் புரியாதவர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தம்பி பெயரைக் கேட்டதும் பெட்டிக்குள் கிடந்தவன் எழுந்தான்.

யாரோ வீலென்று கத்தினார்கள். ரோங்கோ பெட்டியின் விளிம்பில் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து முழங்காலாலேயே முற்றத்தைக் கடந்து போனான். சட்டத்தைக் கட்டிக்கொண்டு நெற்றியையும் மூக்கையும் கண்ணாடியில் அழுத்தி வைத்து, ஏழு வருஷத்து அழுகையை அழுதான். நடிகன் அழுகிற அழுகையில்லை. மூக்கு ஒழுக, வாய் கோண, அசிங்கமாக அழுதான். பிணச்சாயம் கரைந்து தம்பியின் படத்துக் கண்ணாடியெல்லாம் வழிந்தது. ஹினேவாய் கைக்குட்டையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க உள்ளிருந்து அவளுடைய பிள்ளையின் நிறம் வந்தது. அப்போதுதான் அவளும் உடைந்துபோனாள்.

அழுது ஓய்ந்ததும் முதலில் பேசியவள் அவள்தான். "அந்த சாண்ட்விச்சுப் பையன் எங்க? எல்லாருக்கும் எடுத்துட்டு வரச் சொல்லு. இப்பத்தான் திங்கணும்." சாவு முடிந்தால் சாப்பாடு. கிரெய்க் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தான். பெட்டியைத் தூர எடுத்துப் போகவும் அவனே சொன்னான்.

ஃபெனெல்லா தயங்கித் தயங்கி வந்தாள். "கேமரா ஓடிட்டுத்தான் இருந்திச்சு. நான் நிறுத்தல. என் ஆயுசுல இந்த மாதிரி ஒண்ணு நான் எடுத்ததில்ல."

"அது சினிமாவுக்கு இல்லம்மா."

"தெரியும்" என்றாள். ஹினேவாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதை அழித்தாள். அழிக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எத்தனை இயக்குநர்கள் அப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

"நான் மறுபடி அந்தப் பெட்டியில படுக்கமாட்டேன், ஃபெனெல்லா" என்றான் ரோங்கோ.

"ரெஹு சாகலன்னா சேலி அவன என்ன பண்ணுவா? பத்து வருஷக் கதைய நான் எதுல கொண்டுபோய் முடிக்கிறது?"

வாயில் ரொட்டியோடு ஹினேவாய் சொன்னாள்: "அது அவன் போய் அவ வாசல்ல நின்னாத்தான தெரியும்."

பணம் போட்டவர்கள் தலைகீழாகக் குதித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஃபெனெல்லா அசையவில்லை. கடைசிப் படத்தில் இப்போது ரெஹு சாகவில்லை. அறுந்த கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆயுதமில்லாமல், தனியாக அந்தத் தகட்டு வாசலுக்கு நடந்து வருகிறான். சேலி அசையாமல் நிற்கிறாள். ஒருத்தரும் அழைக்கவில்லை. ரொம்ப நேரம் நிற்கிறான். கடைசியில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவி குரலெடுத்து அழைக்கிறாள், அவன் ஒரு அடி எடுத்து வைக்கிறான், படம் முடிகிறது. அந்தக் கிழவி ஹினேவாய். உயிரோடு வருகிறவனை அழைக்க அவளுக்கு என்ன தடை?

ஆனால் படம் வெளிவருவதற்கு முன்பே அவள் மனதில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாத்தேனேயின் படத்தை அவள் திருப்பிக் கொண்டுவரவில்லை. ரோங்கோ கையில் கொடுத்து, "நீயே கொண்டு வா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மௌரீன் பயந்தாள். "வரலன்னா? படமும் போச்சுல்ல?" "வருவான்." "வரலன்னா, அடியே?" "வாய மூடுடி." பஸ் ஓட்டும்போதெல்லாம் மராயே வாசலைத் தாண்டுகையில் அவள் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வந்தான். ஒரு சனிக்கிழமை மதியம், தூறலில், வாசலுக்கு வெளியே சட்டத்தைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றான். தகவல் சொல்லாமல் வந்திருந்தான். ஹினேவாய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள், ஏப்ரனோடு ஓடிவந்து, ஈரக் கையோடு நின்று அழைத்தாள். அன்று குரல் உடைந்து பிசிறியது. அதற்காக யாரும் குறை சொல்லவில்லை.

பின்சுவரில் அந்த ஆணி அப்படியே இருந்தது. அவள் பார்த்துப் பார்த்துப் பயந்த ஆணி. ரோங்கோ அதைக் கண்டுகொண்டான். "அவன் அடிச்சதா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். வேறு ஆணி தரட்டுமா என்று டெரிக் கேட்டான், ரோங்கோ வேண்டாம் என்றான். தம்பியைத் தம்பி அடித்த ஆணியிலேயே மாட்டினான். மாட்டிவிட்டுக் கையை எடுக்காமல் நின்றான்.

"கோணலா இருக்குடா" என்றாள் மௌரீன்.

"ஆணி கோணல், ஆன்ட்டி."

"அவன் அடிச்சா வேற எப்படி இருக்கும்?" என்றாள் ஹினேவாய். "விடு. அப்படியே இருக்கட்டும்."

அப்புறம் உள்ளறைக்குப் போய் ஒரு மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். ஏழு வருஷமாகச் சுருட்டி வைத்திருந்த மெத்தை. யார் கேட்டும் எடுக்கவிடவில்லை. படத்துக்குக் கீழே, வலதுபுறமாக விரித்தாள். தட்டிச் சரிசெய்தாள்.

"படுத்துக்கோ. தூரத்துலேர்ந்து வந்திருக்க" என்று சொல்லிவிட்டு, கிழங்கு உரிக்கப் போனாள்.